எந்த வேளை மின்சாரம்?

ஸ்விச்சை அழுத்தினால் விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் காற்றில் பிறந்ததா, நெருப்பில் பிறந்ததா என்பதை விளக்கு நமக்குச் சொல்வதில்லை. கம்பிக்குள் புகுந்துவிட்டால் எல்லாம் ஒரே ஜாதிதான்!

ஆனால் எந்த வேளையில் எது எவ்வளவு கம்பிக்குள் புகுகிறது என்பதைக் கணக்கிடலாம். பிரிட்டனில் 2017-ஆம் வருஷம் முதல் இந்தக் கணக்கைப் பகிரங்கமாகவே வெளியிட்டு வருகிறார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்காக எத்தனை கிராம் கரியமில வாயு ஆகாயத்தில் கலக்கிறது என்று அரை மணிக்கு ஒரு முறை அறிவிக்கிறார்கள். இரண்டு நாட்களுக்கு முன்னறிவிப்பும் உண்டு. மழைக் குறிப்பைப் பார்த்து வடகம் காயப்போடுவதை நிச்சயிப்பதுபோல, அங்கே இல்லத்தரசிகள் துணி வெளுக்கும் நேரத்தை நிச்சயிக்கலாம்.

காற்றாலைக்கும் சூரியனுக்கும் இந்தக் கணக்கில் பூஜ்யம். எரிவாயு நிலையத்துக்கு 394 கிராம். நிலக்கரிக்கு 937 கிராம். ஆனால் 1882-ல் லண்டன் ஹோல்பர்னில் தொடங்கிய அந்த நிலக்கரி யுகம் 2024 செப்டம்பர் 30-ந் தேதி ராட்க்ளிஃப் நிலையத்தோடு அங்கே முடிவுற்றது. ஆகவே இப்போது காற்று ஓய்ந்தால் பெரும்பாலும் எரிவாயுதான் கை கொடுக்கிறது.

இதில் ஒரு விசித்திரம். ஸ்காட்லாந்தில் காற்று பலமாக அடிக்கும் நாட்களில், தெற்கே கொண்டு செல்லக் கம்பிகள் போதாமல், நஷ்ட ஈடு கொடுத்துக் காற்றாலைகளை நிறுத்திவைக்கிறார்கள். அதே சமயம் இங்கிலாந்தில் எரிவாயுவை எரிக்கிறார்கள்! ஒரு வீட்டில் சோறு வீணாக, பக்கத்து வீட்டில் புதிதாக உலை வைப்பதை நாம் எங்கே கண்டோம்? இதனால்தான் தேசத்தை 14 பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே கணக்குச் சொல்கிறார்கள். வடக்கே நல்ல வேளையாக இருப்பது தெற்கே அப்படி இராது.

துணி வெளுக்கும் யந்திரத்தைத் தள்ளிப்போடுவதால் பெரிய லாபம் வந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. அதற்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்தான் செலவு. மின்சார மோட்டார் வண்டியோ ஐம்பது யூனிட்டையும் விழுங்கும். எல்லோரும் மாலையில் வீடு திரும்பியவுடனே வண்டியைக் கம்பியில் மாட்டினால் என்ன ஆகும்? அதனால், வீட்டில் பொருத்தும் புதிய சார்ஜர்கள் வார நாட்களில் காலை 8 முதல் 11 வரையிலும், மாலை 4 முதல் இரவு 10 வரையிலும் தாமாகவே ஓய்ந்திருக்கும்படி அமைக்கப்பட்டே விற்பனைக்கு வரவேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. அவசரமுள்ளவர் அந்த ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளத் தடையில்லை.