ஒரு கார் கற்பித்த இலக்கணம்

இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்கும் மோட்டார்க் காருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். நானும் பல காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். முதல், சினை என்னும் பாகுபாட்டை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மாணாக்கர்க்கு விளக்கி வந்தவன் நான். மரம் முதல், கிளை சினை. யானை முதல், துதிக்கை சினை. இவ்வளவோடு அப்பாடம் முடிந்துவிடும். அதன் உண்மைப் பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய காரும், அதனோடு வந்த ஒற்றைத் தாளுமே.

2018 ஆம் ஆண்டு தை மாதத்தில், சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திற் கடன் பெற்று, யப்பானிற் செய்யப்பெற்ற சிறிய கலப்பின மோட்டார்க் கார் ஒன்றை வாங்கினேன். மூப்படைந்த என் அன்னையாரை மாதந்தோறும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. முச்சக்கர வண்டியின் குலுக்கத்தை அவர் உடல் தாங்கவில்லை. கார் எனக்குமுன் இருவர் கைப்பட்டது. விற்ற வணிகர் அச்சிட்ட தாள் ஒன்றைத் தந்தார். அதன் தலைப்பு ‘உத்தரவாதம்’ என்பது. அதன் வாசகம் பின்வருமாறு அமைந்திருந்தது: இவ்வாகனத்தின் பின்வரும் பாகங்களுக்கு ஓராண்டு உத்தரவாதம் அளிக்கப்படும். ஒன்று, இயந்திரம், இரண்டு, கியர்ப் பெட்டி, மூன்று, மின்கலவடுக்கு. பழுதுற்ற பாகம் மாற்றித் தரப்படும். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை வாகனத்தைப் பராமரிப்புச் செய்து பதிவேட்டிற் பதிதல் வேண்டும்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். இரண்டாம் முறை வாசிக்கவில்லை. மாணாக்கர் சூத்திரத்தை ஒருமுறை மட்டும் வாசித்தாற் சினந்துகொள்ளும் ஆசிரியன் செய்த செயல் இது.

எட்டு மாதம் கார் பிழையின்றி ஓடிற்று. புரட்டாதியில் ஒரு மாலை, அன்னையாரோடு திரும்பும் வழியில், கோப்பாய்ச் சந்தியை அண்மித்தபோது முகப்பில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்தன. வண்டி வலுவிழந்து தயங்கித் தயங்கி நின்றது. என் பழைய மாணாக்கன் ஒருவன் அயலிலே கராச் வைத்திருக்கிறான். அவன் வந்து கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, “ஐயா, பெரிய பற்றரியிலைதான் பிழை,” என்றான்.

இத்தகைய காரில் இரு மின்கலவடுக்குகள் உண்டு. சிறியது ஏனைய கார்களில் உள்ளதே. பெரியது பின்னிருக்கையின் கீழ் அமைந்து, காரை ஓட்டும் மின்மோட்டாருக்கு வலுவூட்டுவது. என் காரில் அது 20 கூறுகளைக் கொண்டது; ஒவ்வொரு கூறும் 7.2 வோல்ற், யாவும் ஒரே தொடராய் இணைந்து 144 வோல்ற் ஆகும். தொடராய் இணைந்தமையால் ஒரு கூறு நலிந்தாலும் முழு அடுக்கும் நலிந்ததாகவே முடியும். இவை இயங்குங்கால் வெப்பமடையும். இருக்கையின் அருகேயுள்ள துவாரத்தால் ஒரு விசிறி காற்றை இழுத்து அவற்றைக் குளிர்விக்கும். அத்துவாரம் தூசியால் அடைபடின் வெப்பம் மிகும். கூறுகளின் ஆயுள் குறையும். நம் நாட்டுச் செம்மண் ஒழுங்கைகளில் ஓடும் வண்டிகளுக்கு இது பெரும்பகை.

வணிகருக்கு அறிவித்தேன். “தூசி அடைத்திருக்கும் ஐயா, அது பாவித்தவரின் கவனக்குறைவு, உத்தரவாதத்துக்குள் வராது,” என்று தொலைபேசியில் விடை வந்தது. பாராமலே எப்படிக் கூறுவது என்று நான் கேட்டதன் பேரில், தம் ஆள் ஒருவரை அனுப்பிவைத்தார். அவர் முன்னிலையிலே அடுக்கு திறக்கப்பெற்றது. வடிகட்டியிற் சிறிது தூசி இருந்தது; அடைப்பு இல்லை. வேறொன்று கண்ணிற் பட்டது. இருபது கூறுகளுள் பதினெட்டில் ஒரு வகைத் திகதிக் குறியும், இரண்டில் வேறொரு குறியும் இருந்தன. யாரோ முன்னரே இரண்டு கூறுகளை மட்டும் மாற்றி ஒட்டுப்போட்டிருந்தனர். புதுக் கூறும் பழைய கூறும் ஒரே அளவில் மின்னை ஏற்பதில்லை, விடுவதுமில்லை. ஆதலால் ஒன்றை மாற்றினால் சில மாதங்களில் அடுத்தது நலியும் என்று மாணாக்கன் விளக்கினான்.

இதைக் கேட்டபின் வணிகர் ஒருபடி இறங்கினார். “பழுதுற்ற பாகத்தை மாற்றித் தருவதாகத்தானே எழுதியிருக்கிறோம்? இப்போது பழுதானது ஒரு கூறு. அந்த ஒன்றை மாற்றித் தருகிறோம்,” என்றார். முழு அடுக்கையும் மாற்ற 2,25,000 ரூபா ஆகும். அது என் நான்கு மாத வேதனத்துக்கு மேற்பட்ட தொகை.

அன்றுதான் அத்தாளை மீண்டும் எடுத்து வாசித்தேன். ஒரு கூறு அடுக்கிற்குச் சினை. அடுக்கோ காருக்குச் சினை. ஒரே பொருள் ஒன்றை நோக்க முதலாயும் மற்றொன்றை நோக்கச் சினையாயும் நிற்கும் என்பது இலக்கணம் கற்றார் அறிந்ததே. ஆகவே ‘பாகம்’ என்ற சொல் எதன் பாகம் என்பதே வினா. விடை தாளிலேயே இருந்தது. ‘பின்வரும் பாகங்கள்’ என்று தொடங்கி, மூன்றாவதாக மின்கலவடுக்கு எண்ணப்பெற்றுள்ளது. எனவே அத்தாளின் வழக்கிற் பாகம் என்பது அடுக்கு முழுவதையுமே குறிக்கும். அடுக்கினுள் இருக்கும் கூற்றை அன்று. மேலும், சினையின் வினை சினையோடு முடிதலன்றி முதலோடு முடிதலும் உண்டு என்பது நன்னூலார் கொள்கை. மாடு கால் ஒடிந்து வீழ்ந்தது என்கிறோம். ஒடிந்தது கால், வீழ்ந்தது மாடு. கூறு நலிந்து அடுக்கு வீழ்ந்தது என்பதும் அவ்வாறே.

கடையிற் சென்று இதனை எடுத்துரைத்தேன். வணிகர் தாளை இருமுறை வாசித்தார். பின்னர் நகைத்து, “ஐயா நியாயவாதியாய் வந்திருக்கவேண்டியவர். சரி, உங்கள் கூற்றை ஒப்புக்கொள்கிறேன். நாளைக்குப் பராமரிப்புப் பதிவேட்டைக் கொண்டு வாருங்கள்,” என்றார்.

வெற்றி பெற்றவனாய் வெளியே வந்த எனக்கு வீதியிலேயே நெஞ்சு துணுக்குற்றது. முதற் பராமரிப்பை 5,000 கிலோமீற்றரிற் செய்திருத்தல் வேண்டும். பரீட்சைக் காலமும் அன்னையாரின் நோயும் சேர்ந்துகொள்ள, 6,300 இலேதான் செய்திருந்தேன். பதிவேடு அதனை ஒளிவின்றிக் கூறியது.

மாணாக்கனிடம் சென்று ஏட்டைக் காட்டினேன். பராமரிப்பைச் செய்து பதிந்தவனும் அவனே. சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுத் தாழ்ந்த குரலில், “ஐயா, அந்தப் பக்கத்தை எடுத்துப்போட்டு வேறை எழுதுறது பெரிய வேலையில்லை. நீங்கள் ஓம் எண்டால் சரி,” என்றான். நான் ஓம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏட்டை அவன் மேசைமேல் வைத்துவிட்டு வீடு திரும்பினேன். இதனை எழுத நாணுகின்றேன். எனினும், எழுதாது விடின் இக்கட்டுரை எழுதவேண்டியதே இல்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வாய்மை என்னும் அதிகாரத்தைப் பத்தாம் வகுப்புக்கு எத்தனை முறை கற்பித்திருப்பேன்! அன்னையாரின் இருமல் அடுத்த அறையிற் கேட்டது. பிறர்க்குத் தீமை இல்லாத பொய் என்று மனம் ஒரு வழி சொல்லிற்று. ஆனால் தீமை இல்லாத பொய்யன்று அது. ஒருவருடைய பணத்தைச் சொல்லால் எடுக்கும் பொய். ‘பாகம்’ என்ற ஒரு சொல்லை எழுத்துப் பிசகாமற் கொள்ளும்படி அவரை வற்புறுத்தியவன், ‘5,000’ என்ற எண்ணை மட்டும் எவ்வாறு நெகிழ்த்துவது?

பொழுது புலருமுன் கராச்சுக்கு நடந்தேன். அவன் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தான். “தம்பி, எழுதிவிட்டாயா?” என்றேன். ஏடு வைத்த இடத்திலேயே இருந்தது. “நீங்கள் ஓம் எண்டு சொல்லேல்லையே ஐயா. சொல்லியிருந்தால் எழுதியிருப்பன். ஆனால் பிறகு உங்களை ஐயா எண்டு கூப்பிட எனக்கு வாய் வந்திராது,” என்றான். நான் அவனுக்கு விடையொன்றும் கூறவில்லை. கூறத்தக்க விடை என்னிடம் இல்லை.

ஏட்டை உள்ளவாறே வணிகர்முன் வைத்து, 1,300 கிலோமீற்றர் தாழ்த்தது என் பிழை என்றேன். அவர் நெடுநேரம் அப்பக்கத்தையே பார்த்தார். பின்னர், “மாற்றப்பட்ட இரண்டு கூறுகளும் நான் வாங்கும்போதே இருந்திருக்கவேண்டும். திறந்து பாராமல் விற்றது என் பிழை,” என்றார். மூன்றில் இரண்டு பங்கை அவர் ஏற்றார். நான் 75,000 ரூபா கொடுத்தேன். முழு அடுக்கும் மாற்றப்பெற்றது. தாளின் எழுத்தின்படி அவர் முற்றாக மறுத்திருக்கலாம். மறுத்திருப்பின் நான் முறைப்பாடு செய்திருக்கலாம். இரண்டும் நிகழவில்லை.

விற்றவன் குறையை மறைத்தலும் வாங்கியவன் வருந்துதலும் புதியன அல்ல. பண்டை உரோமாபுரியிற் சந்தையை மேற்பார்த்த அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் நோயையும் குறையையும் வெளிப்படக் கூறுதல் வேண்டும் என்று ஆணையிட்டனர். கூறாது விற்றால், ஆறு மாதத்துள் பொருளைத் திருப்பி விலையைப் பெறலாம். அல்லது ஓராண்டுக்குள் விலையிற் குறைப்புக் கோரலாம். அச்சட்டமரபு ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கும் வந்தது. பின்னர் ஆங்கிலேயர், தம் நாட்டின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி, 1896 இல் இங்கே பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தை இயற்றினர். நம் காலத்தில், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, வெளிப்படையாகவோ குறிப்பாகவோ அளித்த உத்தரவாதத்துக்கு இணங்காத விற்பனையைப் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரம் உடையது. முறைப்பாடு எழுத்திலே, சட்டம் குறித்த காலத்துள் செய்யப்பெறல் வேண்டும். ஆதலாற் பழுது கண்ட பின்னர்த் தாழ்த்தலாகாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பெற்று, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீளத் திறக்கப்பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வண்டிகளே கைமாறின; விலையும் ஏறிற்று. இன்றும் ஆசிரியர் பலர் பழைய வண்டியையே நாடுகின்றனர். அவர்கட்குச் சில சொல்வேன். தாளை வாங்கும் அன்றே, விற்பவர் முன்னிலையில், வாய்விட்டு வாசியுங்கள். ‘பாகம்’ எது என்று கேட்டு எழுதுவியுங்கள். நாளா, கிலோமீற்றரா, எது முந்துகின்றதோ அதுவா என்பதைத் தெளியுங்கள். கலப்பின வண்டியாயின், வாங்குமுன் அடுக்கின் ஒவ்வொரு கூற்றையும் கருவியால் அளந்து பார்க்கச் செய்யுங்கள். பராமரிப்பைக் குறித்த அளவிற் செய்து பற்றுச்சீட்டுகளைப் பேணுங்கள். பழுது நேரின், விற்றவர்க்கு எழுத்தில் அறிவிக்குமுன் வண்டியைத் திறக்க விடாதீர்கள்.

இனிச் சொல்லுக்கு வருவோம். உத்தரவாதம் வடசொல். உத்தரம் என்பது மறுமொழி. வாதம் என்பது சொல். கேட்டபோது மறுமொழி சொல்லக் கடமைப்பட்டிருத்தலே உத்தரவாதம். யாழ்ப்பாணத்தார் காணிச் சாசனத்தை ‘உறுதி’ என்பர். காணியில் வில்லங்கம் எழுந்தால் விற்றவர் அதனைத் தீர்த்துத் தரக் கடமைப்பட்டவர் என்பது அதன் உள்ளுறை. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுமிடத்து, பழிக்கு அஞ்சி மெய் பேசுதலையும், கொள்வதை மிகுத்துக் கொள்ளாமையையும், கொடுப்பதைக் குறைத்துக் கொடாமையையும் சிறப்பாக எடுத்தோதினார். மறுமொழி சொல்லும் கடமை விற்பவர்க்கே உரியது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். வாங்கியவனிடமும் ஒரு வினா கேட்கப்படும் என்பதை அப்பதிவேடு எனக்கு உணர்த்திற்று.

அந்தக் கார் இன்றும் ஓடுகின்றது. பராமரிப்புக்குரிய 5,000 நெருங்கும்போது என் மாணாக்கன் தொலைபேசியில் அழைப்பான். “ஐயா, திகதி வந்திட்டுது,” என்பான். நான் அன்றே போய்விடுவேன்.