வெயிலில் உருவாகும் கல்யாணப் பத்திரிகை

கடையில் ஆல்பத்தைப் புரட்டி ஒரு மாதிரியைக் காட்டி, பெயர்களையும் தேதியையும் மட்டும் மாற்றித் தரச் சொல்வதுதான் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வழக்கம். நூறு, இருநூறு பத்திரிகை போதும் என்பவர்கள் அதை வீட்டிலேயே ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடிக்கலாம்.

இதன் அடிப்படை எளிது. மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய பாலியெஸ்டர் வலைத்துணியில், எழுத்து விழவேண்டிய இடத்தில் மட்டும் கண்கள் திறந்திருக்கும். மற்ற இடமெல்லாம் அடைபட்டிருக்கும். மேலே மையை விட்டு ரப்பர் பட்டையான ஸ்குவீஜியால் இழுத்தால், திறந்த கண்கள் வழியே மை அட்டையில் இறங்கும். மான்செஸ்டர்காரரான சாமுவேல் சைமன் 1907இல் பட்டுத் துணியை வைத்து இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

கண்களை வேண்டிய இடத்தில் மட்டும் அடைப்பது எப்படி? அந்த வேலையை வெளிச்சம் செய்கிறது. எமல்ஷன் என்னும் கூழை இருட்டறையில் வலையின் மேல் மெல்லிதாகப் பூசிக் காயவைப்பார்கள். புற ஊதா ஒளி பட்ட இடத்தில் அது இறுகிவிடும். படாத இடத்தில் தண்ணீரில் கரைந்து போகும். பத்திரிகையின் வாசகத்தை டிரேசிங் தாளில் அடர்கறுப்பாக அச்செடுத்து, வலைமேல் பொருத்தி, கண்ணாடியால் அழுத்தி, உச்சி வெயிலில் காட்ட வேண்டும். சில நிமிடங்களே போதும். கறுப்பு எழுத்துக்குக் கீழே ஒளி புகாது. பிறகு தண்ணீரைப் பீய்ச்சினால் எழுத்துகள் கண்ணெதிரே திறந்துகொள்ளும். பழைய முறையில் இதற்கு டைக்ரோமேட் உப்பைக் கலப்பார்கள். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நஞ்சு. வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். டையசோ வகை எமல்ஷன் கேட்டு வாங்குங்கள்.

ஒளியை மறைக்கும் எந்தக் கறுப்புக் கோடும் அச்சாகும் என்பதுதான் இந்த முறையின் பெரிய வரம். பாட்டி கறுப்பு மையில் டிரேசிங் தாளில் போட்டுத் தரும் புள்ளிக் கோலம் அப்படியே பத்திரிகையின் முகப்பாகும். அப்பாவின் கையெழுத்திலேயே அழைப்பு வாசகம் அமையும். எந்த ஆல்பத்திலும் இது கிடைக்காது. ஜிகினாவுக்கும் ஒட்டுக் கற்களுக்கும் செலவிடும் நேரத்தை இதற்குக் கொடுக்கலாம் என்பேன்.

கணினி எழுத்தானால் மெல்லிய வகையைத் தவிர்க்க வேண்டும். ண, ஞ போன்றவற்றின் சுழிகளில் மை தேங்கி அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். 12 பாயிண்ட்டுக்குக் கீழே இறங்காமல், செ.மீ.க்கு 100 முதல் 120 இழை உள்ள வலையைப் பயன்படுத்தினால் எழுத்து தெளிவாக விழும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும் என்பதால் ஒரே நிறத்தில் முடிப்பது உத்தமம். வெள்ளை அட்டையில் அரக்குச் சிவப்பு ஒன்றே மங்கலமாக இருக்கும்.

அட்டை 250 முதல் 300 ஜிஎஸ்எம் இருக்கட்டும். மில் அட்டைகளில் இழை ஒரு திசையில் ஓடும். அதற்கு இணையாக மடித்தால்தான் மடிப்பு வெடிக்காது. இரு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதில் வளைகிறதோ, அந்த மடிப்புக்கோடு ஓடும் திசையே இழையின் திசை.

அச்சடிக்கும்போது ஸ்கிரீன் அட்டையைத் தொடாமல் 2, 3 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். ஸ்குவீஜியைச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக ஒரே இழுப்பு. இரண்டாம் முறை இழுத்தால் எழுத்து கலங்கும். ஒருவர் அட்டை வைக்க, ஒருவர் இழுக்க, இன்னொருவர் கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்க என்று மூன்று பேர் சேர்ந்தால் வேலை தடையின்றி ஓடும். தண்ணீரில் கரையும் மையானால், இடையில் நிறுத்தும்போது வலைக்கண்ணிலேயே காய்ந்துவிடும்.

ஆயிரம் பத்திரிகை தேவைப்படுவோர் அச்சகத்துக்குப் போவதே சரி. அதைவிடக் குறைவு என்றால், முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஒரு வெயில் நாளில் தொடங்கிவிடுங்கள். முதல் பத்து அட்டைகளைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள்.