பெருமூச்சு செய்யும் வேலை

கவலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு தடவையளவில் நாம் எல்லோரும் பெருமூச்சு விடுகிறோம். நித்திரையிலும் விடுகிறோம். நுரையீரலுக்குள் கிட்டத்தட்ட 50 கோடி நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. உட்சுவர் ஈரமாக இருப்பதால் அவற்றில் சில அவ்வப்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளும். சாதாரண மூச்சுக்கு அவற்றைத் திறக்கும் பலம் இல்லை. அப்போது, எடுத்த மூச்சு முடியுமுன்னே அதன்மேல் இன்னொரு மூச்சு ஏறுகிறது. வழமையைப்போல இரண்டு மடங்கு காற்று உள்ளே போய், மூடிய அறைகளை ஊதித் திறந்துவிட்டு நீளமாக வெளியே வருகிறது. 2016இல் ஜாக் ஃபெல்ட்மன், மார்க் கிராஸ்னோ ஆகியோரின் குழுக்கள் எலிகளின் மூளைத்தண்டில் இந்த வேலைக்கென்றே இருக்கும் நரம்புக் கலங்களைக் கண்டறிந்தன. மொத்தம் 200 அளவில்தான். அவற்றுக்குப் போகும் இரசாயனச் செய்தியைத் தடுத்தபோது எலிகள் பெருமூச்சு விடுவதையே நிறுத்திவிட்டன.

வன்னியில் பெருமூச்சு நோயின் முறைப்பாடாகவும் வரும். மனநல மருத்துவரிடம் போகிற எங்கள் ஆட்கள் “எனக்கு மனக்கவலை” என்று பேச்சைத் தொடங்குவது குறைவு. தலையிடி, உடம்பு உளைவு, நெஞ்சு படபடப்பு, நித்திரை இல்லை, பெருமூச்சுப் பெருமூச்சாய் வருது என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவராகவும் பேராசிரியராகவும் இருந்த தயா சோமசுந்தரம் இந்த உடல் முறைப்பாடுகளை உதறித்தள்ளாமல் உளநோயின் தடயங்களாகவே படித்தவர். வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றி 2010இல் விரிவாக எழுதியவரும் அவர்தான்.

பூநகரிப் பிரதேசத்தில் இருக்கும் ஜெயபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்குப் பின் திரும்பி வந்து, காடு பற்றிப்போன வளவைத் துப்புரவாக்கித் திரும்பக் குடியிருந்த கிராமங்களில் அதுவும் ஒன்று. அப்படியான ஊரில் சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு தாய்க்கு விடியமுன்னே நாள் தொடங்கிவிடுகிறது. புட்டு அவிக்க வேண்டும், சம்பல் இடிக்க வேண்டும், கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டும், ஒன்றைப் பாடசாலைக்கும் மற்றதை முன்பள்ளிக்கும் வெளிக்கிடுத்த வேண்டும். பிறகு தோட்டம் அல்லது கூலிவேலை. இவ்வளவு வேலையையும் உடம்பு தாங்கும். கையில் புட்டுக்குழல் இருக்கும்போதே தலைக்குள் ஓடுகிற கணக்குத்தான் தாங்கமுடியாதது: வியாழக்கிழமை லோன்காரர் வருவார், பெரியவனுக்குச் சப்பாத்துக் கிழிந்துவிட்டது, சின்னவளின் இருமல் மூன்று நாளாய் நிற்கவில்லை.

ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன் சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் முதலில் அட்ரினலினையும், சற்றுப் பிந்திக் கோர்ட்டிசோலையும் இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமெடுக்கும். சீனி தசைகளுக்குப் போகும். சமிபாடு ஒதுக்கிவைக்கப்படும். பாம்பு கண்ட வேளைக்கு இது அருமையான ஏற்பாடு. பாம்பு போனதும் அட்ரினலின் சில நிமிடங்களில் இறங்கிவிடும். கோர்ட்டிசோல் பாதியாகவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் வியாழக்கிழமை இன்னொரு தடவை ஞாபகம் வந்தால்? கண்முன் நிற்கும் பாம்புக்கும் நினைவில் வரும் கடனுக்கும் இந்தச் சுரப்பிகள் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. இப்படி இறங்காமலே திரும்பத் திரும்ப ஏறுவதால் உடலுக்கு உண்டாகும் தேய்மானத்தைப் புரூஸ் மக்யூவன் 1993இலிருந்து விளக்கி எழுதினார்.

அந்தத் தேய்மானம் கலத்துக்குள்ளேயே தெரிகிறது என்று காட்டியது 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு. எலிசா எப்பலும், பிற்பாடு 2009இல் நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பேர்னும் 58 தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 39 பேர் நீண்டகால நோயுள்ள பிள்ளையைப் பராமரிப்பவர்கள். எங்கள் நிறமூர்த்தங்களின் நுனிகளில் டெலோமியர் என்ற பகுதி இருக்கிறது. கலம் பிரியப் பிரிய அது குறுகும். மிகக் கடுமையான மன அழுத்தத்தில் இருப்பதாகச் சொன்ன தாய்மாரின் டெலோமியர்கள், அழுத்தம் குறைந்தவர்களுடையதைவிடக் குறைந்தது பத்து வயது மூத்தவை போலக் குறுகியிருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் “பிள்ளை வளர்த்துக் களைச்சுப் போனன்” என்று ஒரு தாய் சொன்னால் அதை வெறும் பேச்சாக எடுக்க இனி எவருக்கும் நியாயமில்லை.

இனித்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. இதயத்தை மெதுவாக அடி என்று நாம் கட்டளையிட முடியாது. கோர்ட்டிசோலை நிறுத்தவும் முடியாது. மூச்சு மட்டும் தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும். மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்புச் சற்று நெருங்கும். நீளமாக விடும்போது இடைவெளி கூடும். இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு சைக்கிள் பிறேக் போல. இழுக்கும்போது பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. ஆகவே வெளிமூச்சு நீண்டால் பிறேக் பிடிக்கும் நேரமும் நீள்கிறது.

2001இல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை ஜெபமாலையின் மங்கள வார்த்தை மந்திரத்தை லத்தீனிலும், திபெத்திய பௌத்தரின் மந்திரம் ஒன்றையும் ஓதச் செய்து பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. அதாவது ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி. இரத்த அழுத்தம் இயல்பாக ஏறி இறங்கும் அலையின் நீளமும் ஏறத்தாழப் பத்து விநாடிதான். இரண்டு தாளமும் ஒன்றாகும்போது, அழுத்தத்தை அளந்து இதயத்தைச் சீராக்கும் உடலின் பொறிமுறை கூர்மையடைகிறது. தயா சோமசுந்தரமும் தம்மிடம் வந்தவர்களுக்குச் சாந்தியாசனம், மூச்சுப் பயிற்சி, எண்ணெய் தேய்த்தல் ஆகியவற்றோடு அவரவர் சமயத்து மந்திரத்தை உச்சரிப்பதையும் சொல்லிக்கொடுத்தார். சைவருக்கு ஒன்று, கத்தோலிக்கருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. பிறநாட்டுச் சொல்லும் கருவியும் இல்லாமல், ஆட்களிடம் ஏற்கெனவே இருந்ததை அவர் மருந்தாக்கினார். இது எவ்வளவு பெரிய மரியாதை!

2023இல் ஸ்டான்ஃபோர்டில் நூற்றுச் சொச்சம் பேர் ஒரு மாதம் நாளுக்கு ஐந்து நிமிடம் பயிற்சி செய்தார்கள். சிலர் தியானம், சிலர் வேறு வேறு மூச்சுப் பயிற்சிகள். மனநிலையை அதிகம் தூக்கியது வேண்டுமென்றே விடும் பெருமூச்சு: மூக்கால் இழுத்து, அதன்மேல் இன்னொரு சிறு இழுப்பு, பிறகு வாயால் மெதுவாக, முழுவதும் வெளியே. அடுப்படியில் புட்டு அவியும் நேரம் அதற்குப் போதும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டும் செய்யலாம்.

ஆனால் மூச்சு கடனை அடைக்காது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உட்பட நால்வர் 2013இல் வெளியிட்ட ஆய்வு தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரைப் பற்றியது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாதபோது வைத்த அறிவுச் சோதனையில் அவர்கள் பின்தங்கினார்கள். அறுவடை முடிந்து காசு வந்தபின் அதே ஆட்கள் நன்றாகச் செய்தார்கள். தட்டுப்பாடே மூளையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கிராமத்துப் பெண்களைக் கூட்டி “மனதை அமைதியாக வைத்திருங்கள்” என்று வகுப்பெடுத்துவிட்டுப் போவது பாதி வேலைகூட இல்லை. வாராவாரம் வட்டி வசூலிக்கும் கடனுக்கும் பதில் வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும்: வேறு கைகள். மனிதப் பிள்ளையைத் தாய் தனியே வளர்ப்பது எங்கள் இனத்தின் பழைய வழக்கமே இல்லை என்று மானிடவியலாளர் சாரா ஹெர்டி 2009இல் ஒரு நூல் முழுக்க வாதிட்டார். அம்மம்மா, அப்பம்மா, சித்தி, மாமி, அயல்வீட்டு அக்கா என்று கைமாறிக் கைமாறித்தான் எங்கள் பிள்ளைகள் பிழைத்தார்கள். அதே 2009இல், போரின் முடிவில், வன்னியில் எத்தனையோ வீடுகள் அந்தக் கைகளை இழந்தன. மிஞ்சியவர்களில் பலர் வேறு ஊர்களுக்கும் நாடுகளுக்கும் சிதறினார்கள். ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இருக்கின்றன, கூட்டங்கள் நடக்கின்றன. கடன், கோழி, தையல் என்று பேசும் அந்தக் கூட்டத்தில் ஒரு முறைவரிசையும் போடலாம்: இன்று பின்னேரம் இரண்டு மணித்தியாலம் யார் யாருடைய பிள்ளைகளைப் பார்ப்பது, நாளைக்கு யார்.