பிழை அலமாரியில் ஒரு புட்டி!

புட்டியைத் திறந்தால் செந்நிறப் புகை கிளம்பும். மூக்கைத் துளைக்கும் நெடி! கண் எரியும். ஒரு சொட்டு கையில் பட்டால் புண்ணாகிவிடும். ஆறுவதற்கு நாள் பிடிக்கும்.

அதன் பெயர் புரோமின். தனிமங்களில், சாதாரண வெப்பத்தில் நீராக இருப்பவை இரண்டுதான். ஒன்று பாதரசம். மற்றொன்று இது.

கசப்பு நீர்

பிரான்சு நாட்டில் மான்பெல்லியே என்று ஓர் ஊர். அங்கே பலார் என்ற இளைஞர் இருந்தார். வயது 24 கூட நிரம்பவில்லை. ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை.

உப்பளத்தில் உப்பு விளைந்ததும், கசப்பு நீர் மிஞ்சும் அல்லவா? அதில் அவர் குளோரினைச் செலுத்தினார். நீர் மஞ்சள் சிவப்பாக மாறியது!

"இது அயோடினும் குளோரினும் சேர்ந்த பொருளோ?" என்று முதலில் சந்தேகப்பட்டார். பிரித்துப் பார்த்தார். பிரியவில்லை. ஆகவே, இது புதிய தனிமம் என்ற முடிவுக்கு வந்தார். 1826-ல் உலகுக்கு அறிவித்தார்.

அவர் வைத்த பெயர் வேறு. பாரிஸ் அறிஞர்கள்தான் "புரோமின்" என்று மாற்றினார்கள். கிரேக்க மொழியில் "நாற்றம்" என்று பொருள். பொருத்தமான பெயர்தான்!

பரீட்சை வந்தது!

இதே பொருளை ஜெர்மனியில் லோவிக் என்ற மாணவரும் கண்டுபிடித்திருந்தார். தம் ஊர் உப்பு ஊற்றிலிருந்து எடுத்து, 1825-ல் பேராசிரியரிடம் காட்டினார். "இன்னும் கொஞ்சம் தயாரித்துக்கொண்டு வா" என்றார் பேராசிரியர். இடையில் பரீட்சை வந்தது. விடுமுறை வந்தது. அதற்குள் பலார் முந்திக்கொண்டார். பாவம், லோவிக்!

வீட்டில் வேண்டாம்

மேல்நாடுகளில், குளிக்கும் வெந்நீர்த் தொட்டிகளில் கிருமியைக் கொல்ல, புரோமின் சேர்ந்த வில்லைகளைப் போடுகிறார்கள். இவற்றிலிருந்து புரோமினைப் பிரித்தெடுக்கச் சிலர் வீட்டிலேயே முயல்வது உண்டு. விபரீத விளையாட்டு! அந்த ஆவி நுரையீரலைக் கெடுத்துவிடும். உயிருக்கே ஆபத்து. குளத்துக்குப் போடும் மருந்துகளை ஒன்றோடொன்று கலப்பதும் இப்படித்தான்.

நழுவிய புகழ்

இன்னொருவரும் ஏமாந்தார். அவர் லீபிக். ஜெர்மனியின் பெரிய வேதியியல் மேதை.

பலாருக்கு முன்பே அவர் கைக்கு ஒரு புட்டி வந்தது. உள்ளே இருந்தது புரோமின்தான்! லீபிக் மேலோட்டமாகப் பார்த்தார். "அயோடின் குளோரைடு" என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார். பலாருக்கு வந்த அதே சந்தேகம்தான். ஆனால் பலார் சோதித்தார்; இவர் சோதிக்கவில்லை.

பலாரின் அறிவிப்பைப் படித்ததும் லீபிக்குக்குப் பகீர் என்றது. ஆனால் அவர் புட்டியை ஒளித்து வைக்கவில்லை. தனியாக ஓர் அலமாரியில் வைத்தார். அதற்குப் "பிழைகளின் அலமாரி" என்று பெயரிட்டார். வருகிற நண்பர்களுக்கெல்லாம் திறந்து காட்டுவாராம்.