பழைய பிரிண்டர் ஏன் பேச மறுக்கிறது?

குழித்துறையாறு கடலோடு கலக்கும் தேங்காய்ப்பட்டணத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்குக் கண்ணாடி இழை வழியாகப் புதிய இணைய இணைப்பு வந்திருக்கிறது. கூடவே புதிய ரௌட்டரும் வந்திருக்கிறது. கைப்பேசிகள் நொடியில் இணைந்துவிட்டன. பத்தாண்டுகளாக உழைத்துவரும் வைஃபை பிரிண்டர் மட்டும் அசைய மறுக்கிறது. மறுநாள் காலை வீட்டுப் பெண் பரீட்சைக்குப் போக வேண்டும்; நுழைவுச்சீட்டை இன்னும் அச்சிடவில்லை. "பழசு கெட்டுப்போச்சு, புதுசு வாங்கிரலாம்" என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் பிரிண்டரில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை.

துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகுகளில் வயர்லெஸ் கருவி இருக்கும். இரு படகுகள் பேசிக்கொள்ள வேண்டுமானால் இரண்டும் ஒரே சானலில் இருக்க வேண்டும். ஒருவர் 16-ஆம் சானலிலும் மற்றவர் 72-ஆம் சானலிலும் இருந்தால், தொண்டை வறளக் கூப்பிட்டாலும் பதில் வராது. கருவிகள் இரண்டும் நன்றாகவே இருக்கும். நம் பிரிண்டரின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

வைஃபை என்பதும் வானொலி அலைதான். அது இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 240 கோடி அதிர்வுகள். மற்றது 5 கிகாஹெர்ட்ஸ், நொடிக்கு 500 கோடி அதிர்வுகள். (இப்போது 6 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்திருக்கிறது, நம் பிரிண்டருக்கு அதனோடு வேலையில்லை.) அலை நொடிக்கு 30 கோடி மீட்டர் தூரம் செல்கிறது. 30-ஐ 240-ஆல் வகுத்துப் பாருங்கள்: எட்டில் ஒரு மீட்டர், அதாவது 12.5 சென்டிமீட்டர் அலைநீளம். 500-ஆல் வகுத்தால் 6 சென்டிமீட்டர். பொதுவாக, நீளமான அலை சுவர்களைச் சற்று எளிதாகக் கடக்கும். குட்டையான அலை அதிகச் செய்தியைச் சுமக்கும், ஆனால் கனத்த சுவர்களைத் தாண்டும்போது விரைவில் களைத்துவிடும். வெட்டுக்கல்லால் கட்டிய பழைய வீடுகளில் பின்கட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் சரியாக எட்டாததற்கு இதுவே காரணம்.

வைஃபைக்கான முதல் தரவிதி 1997-இல் வந்தது, அது 2.4-ஐப் பயன்படுத்தியது. இந்தியாவில் அந்த அலைவரிசையைக் குறைந்த ஆற்றலில் உரிமமின்றிப் பயன்படுத்த 2005-இல் வழி பிறந்தது. பிரிண்டர் தயாரிப்பாளர்கள் நெடுங்காலம் 2.4-ஐ மட்டுமே தங்கள் கருவிகளில் வைத்தார்கள். அதில் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பக்கத்தை அச்சிட எவ்வளவு செய்தி வேண்டும்? அதற்கு அந்தப் பாதையே தாராளம். ஆக, பழைய பிரிண்டருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

புதிய ரௌட்டரோ இரண்டையும் பேசும். ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டி வைத்திருக்கும். கொள்கைப்படி பார்த்தால் பிரிண்டர் தனக்குக் கேட்கும் 2.4-ஐப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நடைமுறையில் இரண்டு தடைகள் குறுக்கிடுகின்றன. சில ரௌட்டர்கள், வரும் கருவிகளை 5-க்குத் தள்ளிவிடும் எண்ணத்தில், 2.4-இல் கேட்கும் குரலுக்கு வேண்டுமென்றே தாமதித்துப் பதில் சொல்கின்றன. பிரிண்டர் காத்துக் காத்து விட்டுவிடுகிறது. மேலும், பிரிண்டரை இணைக்க நாம் பயன்படுத்தும் கைப்பேசி அப்போது 5-இல் இருந்தால், அதன் செயலி குழம்பிப்போகிறது.

இதற்கு மருந்து எளியது. ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். கணினியில் அந்த முகவரியைத் திறந்து, இரு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் கொடுங்கள். 2.4-இன் சானலை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றாக வையுங்கள். இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. தானியங்கி முறையில் விட்டால் ரௌட்டர் சில வேளை 12, 13-க்குப் போய்விடும். 11-க்கு மேல் கேட்காத பிரிண்டர்களும் உண்டு. சானலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். பிறகு கைப்பேசியையும் 2.4-இல் சேர்த்துவிட்டு, பிரிண்டரை இணைத்துப் பாருங்கள்.

அப்போதும் இணையவில்லையானால் பூட்டைப் பார்க்க வேண்டும். வைஃபைக்கு முதலில் வந்த பூட்டு டபிள்யூ.இ.பி. அதை உடைக்கும் வழி 2001-லேயே தெரிந்துவிட்டது. 2004-இல் டபிள்யூ.பி.ஏ. 2 வந்தது, 2018-இல் டபிள்யூ.பி.ஏ. 3. ரௌட்டர் மூன்றாவதை மட்டும் ஏற்கும்படி வைக்கப்பட்டிருந்தால் பழைய பிரிண்டரால் உள்ளே நுழைய முடியாது. அதனிடம் அந்தச் சாவியே இல்லை. 2.4-க்கு மட்டும் டபிள்யூ.பி.ஏ. 2 என்று மாற்றுங்கள். கடவுச்சொல் நீளமாக இருந்தால் வீட்டுக்கு அது போதிய காவலே. ஆனால் உங்கள் பிரிண்டர் டபிள்யூ.இ.பி. மட்டுமே அறிந்த மிகப் பழைய வகையானால், அதற்காக வீட்டின் பூட்டையே தளர்த்தாதீர்கள். அந்த வழியில் நுழைபவர் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் எட்டிப் பார்க்கலாம். யு.எஸ்.பி. கம்பி ஒன்றை வாங்கிக் கணினியோடு இணைத்துவிடுங்கள்.

குறுக்குவழி ஒன்றும் உண்டு. புதிய ரௌட்டரின் 2.4-க்குப் பழைய ரௌட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே கொடுத்து, பூட்டின் வகையையும் பழையபடி டபிள்யூ.பி.ஏ. 2 ஆக வைத்தால், பிரிண்டர் பழைய வீடு என்றே நம்பித் தானாக வந்து சேரும்!

சிலருக்கு இன்னொரு புதிர் எழும். பிரிண்டரில் வைஃபை விளக்கு நிலையாக எரிகிறது. கணினியோ பிரிண்டரைக் காணவில்லை என்கிறது. இங்கே சிக்கல் கதவு எண்ணில். பழைய ரௌட்டர் 192.168.1 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்திருக்கும், புதியது 192.168.29 என்று தொடங்கலாம். கணினி இன்னும் பழைய எண்ணுக்கே தாளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரின் நிலையறிக்கைப் பக்கத்தை அச்சிட்டால் அதன் இன்றைய எண் தெரியும். கணினியில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் தீர்ந்தது. எண் மறுபடி மாறாதிருக்க, ரௌட்டரில் அந்த எண்ணைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கி வைக்கலாம். பிரிண்டரிலேயே பழைய எண்ணை யாராவது நிலையாகப் பதித்து வைத்திருந்தால், அதைத் தானியங்கி முறைக்கு மாற்ற வேண்டும்.

விருந்தினர்க்கான தனி வைஃபையில் மட்டும் பிரிண்டரைச் சேர்க்க வேண்டாம். அங்கிருக்கும் கருவிகளை வீட்டுக் கருவிகள் அணுகாதபடி ரௌட்டர் பொதுவாகத் தடுத்துவிடும்.

பிரிண்டர் 2.4-இல் இருக்கிறதே, கைப்பேசியையும் இனி அதிலேயே வைத்திருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. இணைப்பு முடிந்ததும் கைப்பேசியை 5-க்கே மாற்றிவிடுங்கள். ஒன்றில் வாங்கும் செய்தியை மற்றொன்றில் கொடுப்பது ரௌட்டரின் வேலை.