கைக்கேற்ற ஹாக்கி மட்டை

2022 மே 23, ஜகார்த்தா. ஆசியக் கோப்பை ஹாக்கியில் பாகிஸ்தானை எதிர்த்து இந்திய அணிக்காக முதன்முறையாகக் களமிறங்கிய கார்த்தி செல்வம், முதல் கால் பகுதியிலேயே கோல் அடித்தார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அவர் அரியலூர்க்காரர், கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர். மறு ஆண்டு சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவை இந்தியா 5-0 என வீழ்த்திய ஆட்டத்திலும் முதல் கோல் அவருடையதுதான்.

இப்படி ஒருவர் இங்கிருந்து கிளம்பிய பிறகு, அரியலூர், பெரம்பலூர் பிள்ளைகள் வீட்டில் ஹாக்கி மட்டை கேட்பது இயல்பு. எந்த மட்டை வாங்குவது? கடைக்காரர் முதலில் காட்டுவது கார்பன் சதவீதத்தை. அதைக் கடைசியாகப் பாருங்கள் என்பேன்.

சர்வதேச விதிப்படி மட்டை 737 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நீளம் 105 செ.மீ. தாண்டக் கூடாது. இந்த எல்லைக்குள் எடை எவ்வளவு என்பதைவிட, எடை எங்கே இருக்கிறது என்பதே பெரிய விஷயம். பிடியிலிருந்து 40 செ.மீ. தள்ளியிருக்கும் 10 கிராமைவிட, 80 செ.மீ. தள்ளியிருக்கும் அதே 10 கிராம் சுழற்சிக்கு நான்கு மடங்கு எதிர்ப்புக் காட்டும். தூரம் இரட்டித்தால் நிலைமத் திருப்புத்திறன் நான்கு மடங்காவதுதான் காரணம். மண்வெட்டியை இலைப் பக்கம் பிடித்து ஆட்டிவிட்டுக் காம்புப் பக்கம் பிடித்து ஆட்டிப் பார்த்தால் கை உடனே சொல்லிவிடும். அதனால்தான் 530 கிராம் மட்டைகள் இரண்டில் ஒன்று லேசாகவும் மற்றது கனமாகவும் தோன்றுகிறது.

கோல்ஃப்காரர்கள், பந்தைக் குழிக்குள் உருட்டும் ‘பட்டர்’ மட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பதும் இதைத்தான். 1959-இல் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர், பட்டரின் தலையில் எடையை இரு ஓரங்களுக்கும் ஒதுக்கிவைத்தார். பந்து நடுவில் படாமல் சற்று விலகிப் பட்டாலும் தலை முறுக்கிக்கொள்ளவில்லை. அங்கே திருப்புத்திறன் கூடுவது நன்மை. ஹாக்கியில் பந்தை இடமும் வலமும் புரட்டி ஓடும் முன்கள வீரருக்கோ, தலை கனத்தால் மணிக்கட்டு பிந்திவிடும்.

கனமான மட்டைதான் பலமாக அடிக்கும் என்பதும் பாதி உண்மையே. பந்து சுமார் 160 கிராம். மோதும் நொடியில் மட்டையின் முழு எடையும் வேலை செய்வதில்லை. வேலை செய்யும் பங்கு 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை 300 ஆக்கினால், வீச்சு மாறாதவரை, பந்தின் வேகம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். வீச்சின் வேகத்தை 10 சதவீதம் கூட்டினாலோ பந்தின் வேகமும் 10 சதவீதம் கூடும். பதின்மூன்று வயதுக் கைக்கு எது எளிது?

அடுத்தது வளைவு. மட்டையைப் படுக்கவைத்தால் வில்போல வளைந்திருக்கும். அந்த வளைவு 25 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதன் உச்சம் அடிமுனையிலிருந்து குறைந்தது 200 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். உச்சம் அந்த எல்லையை ஒட்டித் தாழ்வாக இருப்பதை ‘லோ போ’ என்பார்கள். பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் செய்பவருக்கு இது வரம். பந்து வளைவில் படிந்து, தண்டோடு உருண்டு, நெடுநேரம் விசை வாங்கிக்கொண்டு பறக்கும். ஆனால் அதே மட்டையால் சாதாரணமாக அடித்தால் முகம் சற்றே பின்சாய்ந்து பந்து மேலெழும். கோலை நோக்கி அல்லாமல் வேண்டுமென்றே பந்தை அடித்துத் தூக்குவது தவறு. நட்சத்திர வீரர் வைத்திருக்கிறார் என்று தொடக்கநிலைப் பிள்ளைக்கு இதை வாங்கித் தருவது, அடிக்கப் பழகும் முன்பே அடியைக் கெடுத்துவிடும். வளைவு நடுவில் இருப்பதே அவர்களுக்கு நல்லது.

கார்பன் கூடக் கூட மட்டை விறைக்கும். விறைப்பான மட்டை வளைந்து ஆற்றலை வீணாக்காது, அடி பலமாகும். வரும் பந்தை நிறுத்தும்போதோ அது துள்ளி விலகும், அதிர்வும் கையில் ஏறும். கண்ணாடி இழை கலந்த மட்டை பந்தை மென்மையாக வாங்கிக்கொள்ளும்.

நீளத்துக்கு, நிமிர்ந்து நின்று மட்டையைப் பக்கத்தில் ஊன்றினால் இடுப்பெலும்பு அளவுக்கு வந்தால் சரி. பிறகு இடதுகையால் மட்டும் பிடியின் நுனியைப் பற்றி நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். கை நடுங்கினால் லேசானதைக் கேளுங்கள். கல்லும் மண்ணுமான தரையில் உரசி மட்டையின் முனை தேயும். இழை பிரிந்து கூர்மையானால் அதை வைத்து ஆட விதி அனுமதிக்காது. பள்ளி மைதானம் அப்படி என்றால் மல்பெரி மர மட்டையில் தொடங்கலாம். டர்ஃப் கிடைத்ததும் கார்பனைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.