சேம்பா, யானைக்காதா?

சொல் பேச்சுக் கேளாதவனுக்கு அறிவுரை கூறுவது, கெலாடி இலையில் நீரை ஊற்றுவது போல என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கெலாடிதான் நம் சேம்பு. வீட்டுக்குப் பின்னால் நிழலும் ஈரமும் உள்ள மூலையில் இதை வளர்ப்பவர்கள் பலர். ஆனால், அதே மூலையில் அதே தோற்றத்தில் யானைக்காதுச் செடியும் வளரக்கூடும். ஒன்று உணவு, மற்றொன்றை அழகுக்காக வளர்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஏன் இந்த எச்சரிக்கை?

இவ்வினச் செடிகளில் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, ஊசி வடிவப் படிகங்களாக இருக்கிறது. பச்சையாகக் கடித்தால் இவை நாக்கிலும் தொண்டையிலும் குத்தி எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்கும். சேம்பிலும் இவை உண்டு. அதனால்தான் நம் வீடுகளில் கிழங்கை நன்றாக வேகவைத்து, புளி சேர்த்துச் சமைக்கிறார்கள்.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் காம்பைப் பாருங்கள். சேம்பில் காம்பு இலையின் விளிம்பில் சேராது. பிளவுக்குச் சற்று உள்ளே தள்ளி, இலையின் முதுகில் பொருந்தியிருக்கும். பெரிய யானைக்காதில் பிளவு காம்பு வரை செல்லும்.

அடுத்து, இலை நோக்கும் திசை. சேம்பிலையின் நுனி தரையை நோக்கித் தொங்கும். யானைக்காதின் நுனி பெரும்பாலும் வானை நோக்கி நிமிர்ந்திருக்கும்.

மூன்றாவது, மேற்பரப்பு. சேம்பிலை பளபளப்பின்றி வெல்வெட் போலிருக்கும். நீர் முத்தாக உருண்டோடும். யானைக்காது வழவழப்பாக மின்னும்.

சிவப்பு, வெள்ளைப் புள்ளிகளுடன் விற்கப்படும் கலேடியத்திலும் காம்பு முதுகில் சேர்ந்திருக்கலாம். ஆகவே, ஓர் அடையாளத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. சமைப்பதற்கென்றால் சந்தையில் வாங்கிய கிழங்கை நட்டு வளர்ப்பதே பாதுகாப்பு.

பராமரிப்பு

இரண்டுக்கும் அரைநிழலும் மட்கிய உரம் கலந்த மண்ணும் போதும். சேம்பு ஈரத்தை விரும்பும். வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதங்களில் கிழங்கு தரும். யானைக்காதுக்குத் தேங்கிய நீர் ஆகாது; வேர் அழுகிவிடும். அடியிலை மஞ்சளானால் பெரும்பாலும் அது முதுமைதான், நறுக்கிவிடலாம். சாறு பட்டால் அரிக்கும் என்பதால் கையுறை அணிவது நல்லது.

தொட்டியின் அடித்தட்டிலும் இலைக்கவட்டிலும் நீர் தேங்குகிறதா என்று வாரம் ஒருமுறையாவது கவனியுங்கள். நம் வெப்பத்தில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறக்குறைய 7 முதல் 10 நாள்களே போதும்.

குழந்தை இலையைக் கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, குளிர்ந்த நீரால் கழுவுங்கள். வீக்கமோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்று மாலையே உங்கள் வீட்டுச் செடியின் இலையைத் திருப்பிக் காம்பைப் பாருங்கள். இந்த அறிவுரையாவது கெலாடி இலையில் ஊற்றிய நீராகாமல் இருக்கட்டும்!